பெயர் சொல்லும் மலர்கள்

நுழையும்முன்

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. உலகில் ஏறத்தாழ 28,000 சிற்றினங்களாகப் பரவியுள்ள ஆர்க்கிட் குடும்பத்தின் பெயர்களை இக்கண்ணோட்டத்தில் நோக்கினால், அவற்றுள் பல காரணப்பெயர்களாக இருப்பதை அறியலாம். அக்காரணங்களுள் சில, செடியை வளர்ப்போருக்கு வழிகாட்டுகின்றன. சில, வழிதவறச் செய்கின்றன. உழைத்தவரின் பெயர் விடுபட்டுப்போன கதையும் அவற்றினூடே உண்டு.

வடிவம் தந்த பெயர்கள்

'ஆர்க்கிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'விரை' என்பது பொருள். ஐரோப்பிய நிலத்தில் வளரும் சில செடிகளின் இணைக்கிழங்குகள் அவ்வடிவில் அமைந்திருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. மண்ணுக்குள் மறைந்திருந்த கிழங்கின் பெயரே பின்னர், மலரழகால் புகழ்பெற்ற பெருங்குடும்பம் முழுமைக்கும் உரியதாயிற்று. விட்டில்பூச்சி போன்ற மலர் உடையது 'ஃபலனாப்சிஸ்' எனப்பட்டது.

'டிராகுலா' என்னும் பேரினமும் உண்டு. பெயரைக் கேட்டதும் குருதி குடிக்கும் கதைமாந்தர் நம் நினைவுக்கு வருவார். இலத்தீனில் இதன் பொருள் 'சிறு டிராகன்' என்பதே. இதன் ஒரு சிற்றினமான 'டிராகுலா சிமியா'வின் மலர், குரங்கின் முகம்போல் தோன்றும். 'சிமியா' என்றால் குரங்கு. ஈக்வடார் நாட்டு மலைக்காடுகளின் குளிர்ச்சியும் ஈரமும் இதற்குத் தேவை. டிராகுலா இனங்கள் பலவற்றின் பூங்காம்பு கீழ்நோக்கி வளரும் இயல்புடையது. எனவே, இவற்றை அடிப்புறம் மூடிய தொட்டியில் வளர்த்தல் பொருந்தாது. இடைவெளியுள்ள தொங்கு கூடையே ஏற்றது.

மரத்தில் வாழும், மரத்தை உண்ணாது

'டென்ட்ரோபியம்' என்பதற்கு 'மரத்தில் உயிர்வாழ்வது' என்பது பொருள். இப்பெயரே ஒரு வளர்ப்புக் குறிப்பாகும். இதனை மண்ணில் புதைத்தால் வேர் அழுகும். கரித்துண்டு, செங்கல் சல்லி, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் வேருக்குக் காற்றுப் படுமாறு வளர்த்தல் வேண்டும். காற்றில் தொங்கும் வேரைச் சூழ்ந்துள்ள 'வெலாமன்' என்னும் திசு, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது.

'வாண்டா' என்னும் பெயரோ மயக்கம் தருவது. மரத்தின்மேல் வளரும் புல்லுருவி போன்ற செடிகளைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து இது தோன்றியது. புல்லுருவி, தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. வாண்டாவோ தங்குவதற்கு இடம் மட்டுமே பெறும் தொற்றுத்தாவரம். நம் ஊர் மாமரங்களிலும் காணப்படும் 'வாண்டா டெசல்லேட்டா'வைப் புல்லுருவி எனக் கருதி வெட்டி எறிதல், பெயரால் நேரும் பிழையாகும்.

இத்தகைய பிழை ஐரோப்பாவிலும் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'வெப்பமண்டலச் செடி' என்னும் பொதுப்பெயரை நம்பி, குளிர்ந்த மலைகளில் வளர்ந்த ஆர்க்கிடுகளையும் காற்றோட்டமற்ற சூடான கண்ணாடி வீடுகளில் அடைத்தனர். எண்ணற்ற செடிகள் மடிந்தன.

விதையின் மறைபொருள்

ஆர்க்கிடின் விதை தூசியளவினது. முளைக்குத் தேவையான கருவூண் அதில் இல்லை. பூஞ்சையின் துணையோடுதான் இயற்கையில் அது முளைக்கிறது என்பதை 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு கண்டறிந்தார். சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையின்றியே விதையை முளைக்கச் செய்யும் முறையை, 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் வெளியிட்டார். செல்வரின் கண்ணாடி வீட்டில் இருந்த மலர் எளியோர் இல்லத்திற்கும் வர இம்முறை வழிவகுத்தது.

பெயர் பெறாத சிறுவன்

பனிக்கூழுக்கு மணமூட்டும் வெனிலாவும் ஓர் ஆர்க்கிட்டே. 'சிறு நெற்று' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. மெக்சிகோவிலிருந்து சென்ற இக்கொடி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தழைத்து வளர்ந்தும் காய்க்கவில்லை. தாய்நிலத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவிய தேனீக்கள் அங்கு இல்லை. மலரின் ஆண், பெண் உறுப்புகளுக்கு இடையே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக நின்றது. 1836இல் பெல்ஜிய அறிஞர் சார்லஸ் மொரன் செயற்கைச் சேர்க்கையில் வெற்றி கண்டார். எனினும் தோட்டத்திற்கேற்ற எளிய வழி அமையவில்லை.

அவ்வழியை 1841இல் கண்டறிந்தவன், எட்மண்ட் என்னும் 12 வயதுச் சிறுவன். அவன் ஓர் அடிமை. அவனுக்குக் குடும்பப்பெயர்கூட இல்லை. மெல்லிய குச்சியால் மடலை உயர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்தினான், கொடி காய்த்தது. ஒரே நாள் மலர்ந்திருக்கும் பூவுக்கு அந்த ஒரு நொடி போதுமானதாயிற்று. அம்முறையைத் தானே கற்பித்ததாகப் பின்னாளில் தாவரவியலார் ஒருவர் உரிமை கொண்டாடினார். கண்டுபிடிப்பு எட்மண்டுடையதே எனத் தோட்ட உரிமையாளர் எழுத்துவழி மறுத்துரைத்தார். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது 'அல்பியஸ்' என்னும் குடும்பப்பெயர் அவருக்குக் கிட்டியது, செல்வம் கிட்டவில்லை. 1880இல் வறுமையில் மறைந்தார். அத்தீவின் வெனிலாவோ, அதன் பழைய பெயருக்குக் காரணமான அரச மரபின் பெயரால் 'பூர்போன் வெனிலா' என்றே இன்றும் சந்தைக்கு வருகிறது.

நம் மேற்குத்தொடர்ச்சி மலைப்பகுதித் தோட்டங்களில் வெனிலாப் பூவைத் தொடும் விரல்களும் எட்மண்டின் முறையையே பின்பற்றுகின்றன. பெயர்ப்பலகையில் இடம்பெறாத அறிவு, கைகளின் வழியே வாழ்கிறது. ஒரு செடியின் பெயரைக் கற்கும்போது, அது எக்காரணத்தால் வந்தது, அக்காரணம் உண்மைதானா, அதில் யார் விடுபட்டார் என வினவுவதே முழுமையான கல்வியாகும்.

தெரியுமா?

அராக்னிஸ், வாண்டா என்னும் இரு பேரினங்களின் கலப்பில் தோன்றிய செடிக்கு 'அராண்டா' எனப் பெயரிட்டனர். தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்னும் கலப்பின மலர். தாவரவியலார் அதனைப் 'பாப்பிலியோனாந்தி' என்னும் வேறு பேரினத்திற்கு மாற்றிய பின்னரும், மக்கள் வழக்கில் பழைய பெயரே நிலைத்துள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வழங்கும் பத்துச் செடிகொடிகளின் பெயர்களைத் திரட்டி, அவற்றை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகைப்படுத்துக.

2. புல்லுருவிக்கும் தொற்றுத்தாவரத்திற்கும் உள்ள வேறுபாட்டை நேரில் கண்டு எழுதுக.

3. 'கண்டுபிடிப்பும் அங்கீகாரமும்' என்னும் தலைப்பில் எட்மண்டின் வாழ்வை முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.