விஞ்ஞானம் – மீட்டற் பாடம்: நெடுந்தூர ஓட்டமும் உடல் வெப்பச் சீராக்கமும்

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த கடைசியாக வந்தார். ஏனையோர் முடித்த பின்னரும் தனியே ஓடி முடித்த அவரைப் பார்வையாளர்கள் கரகோஷம் செய்து பாராட்டினர். வேகம் வேறு, தாங்குதிறன் வேறு. மனித உடல் தாங்குதிறனுக்கே சிறப்பாக இசைவாக்கம் பெற்றுள்ளது.

1. இசைவாக்கங்கள்

குறுந்தூரத்தில் நாய் மனிதனை எளிதில் முந்தும். நாய் இளைப்பதன் மூலமே பெருமளவு வெப்பத்தை இழக்கின்றது. பாய்ந்தோடும்போது அதனால் அவ்வாறு இளைக்க முடியாது. ஆகவே வெயிலில் அது விரைவில் களைத்துவிடும். ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மனித மூதாதையரின் கூர்ப்பில் நெடுந்தூர ஓட்டம் பங்கு வகித்தது எனும் கருதுகோளை டெனிஸ் பிரம்பிள், டானியல் லீபர்மன் ஆகியோர் 2004இல் விரிவாக முன்வைத்தனர். அவர்கள் காட்டிய இயல்புகளுட் சில:

• அக்கிலீஸ் தசைநாண் – சுருளிவில் போலச் சக்தியைச் சேமித்து மீள வழங்கும்.
• பெரிய பிட்டத்தசை – ஓடும்போது உடல் முன்னே சாயாது தாங்கும்.
• வியர்வைச் சுரப்பிகள் – 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை. உரோமம் குறைந்த தோலிலிருந்து வியர்வை எளிதில் ஆவியாகும்.

2. கணித்தல்

50 கிலோகிராம் திணிவுடைய மாணவன் ஓர்ஸ் ஹில் (உவர்மலை) வீதிகளில் 5 கிலோமீற்றர் ஓடுகிறான். கலச்சுவாசத்தால் வெளிவரும் சக்தி ஏறத்தாழ 1050 கிலோயூல். இதில் 80%, அதாவது 840 கிலோயூல், வெப்பமாகிறது எனக் கொள்க.

(அ) 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது 2.4 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். எனவே ஆவியாக வேண்டிய வியர்வை = 840 ÷ 2.4 = 350 கிராம்.

(ஆ) வெப்பம் சிறிதும் வெளியேறாவிடின், உடலின் தன்வெப்பக் கொள்ளளவை ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு 3500 யூல் எனக் கொண்டால், வெப்பநிலை உயர்வு = 840 000 ÷ (50 × 3500) = 4.8 பாகை. 37 பாகையிலிருந்த உடல் 41.8 பாகையை அடையும். 40 பாகையைத் தாண்டினாலே உயிராபத்து ஏற்படலாம்.

3. நமது சூழலில்

துறைமுகத்தை அண்டிய உவர்மலையில் கடற்காற்றின் ஈரப்பதன் கூடிய நாளில் வியர்வை ஆவியாகாது சொட்டும், உடல் குளிராது. வரண்ட கச்சான் வீசும்போது வியர்வை உடனே ஆவியாகும். தோல் உலர்ந்திருந்தாலும் உடல் நீரை இழக்கும்.

நினைவிற் கொள்க: சொட்டும் வியர்வையன்று, ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும்.

4. மாதிரி வினா

மரதன் ஓட்டத்தில் ஒரு மாணவன் தடுமாறிப் பிதற்றுகிறான். செய்ய வேண்டியவை யாவை?

விடை: ஓட்டத்தை உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுசெல்லல்; உடலெங்கும் நீரூற்றி விசிறுதல் (விசிறுவதால் ஆவியாதல் கூடும்); 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்தல். மயங்கியவருக்கு நீர் பருக்கக் கூடாது.

மாணவர்களே, மெதுவாக ஓடினால் ஒரு நிமிடத்தில் உண்டாகும் வெப்பம் குறையும். எனவே கடைசியாக வருவதில் வெட்கமில்லை. தலை சுற்றினால் நின்றுவிடுங்கள், அது தோல்வியன்று.