அப்பாவின் திருப்புளியில் பூத்த வெள்ளை

கேள்வி: என் அப்பா ரேடியோ மெக்கானிக். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய இரும்புப் பெட்டி பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கித் திறந்தேன். குப்பென்று ஒரு நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று மனைவி பயந்துவிட்டாள். எலியும் இல்லை, பல்லியும் இல்லை. கண்ணாடி மாதிரி மஞ்சளாக இருக்கும் திருப்புளிகளின் கைப்பிடிகளிலும் டெஸ்டரிலும் வெள்ளையாக மாவு பூத்திருந்தது, நாற்றமும் அவற்றில்தான். துடைத்து வைத்தேன். மூன்றே வாரத்தில் மறுபடி வெள்ளை. அதே பெட்டியில் இருந்த மரப்பிடி உளிக்கும், கறுப்புப் பிடி போட்ட திருப்புளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது பூஞ்சணமா? உடம்புக்குக் கெடுதலா? அப்பா கைபட்ட சாமான்கள் என்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தூக்கிப்போட வேண்டாம். ஒன்றைத் தவிர. அது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இது பூஞ்சணம் இல்லை. பூஞ்சணம் திட்டுத்திட்டாக, பஞ்சு மாதிரி படரும், மழைக்கால அலமாரியின் மக்கல் வாடை அடிக்கும், மரப்பிடியையும் விட்டுவைத்திருக்காது. உங்கள் பெட்டியில் மரம் தப்பித்து, கண்ணாடிப் பிடிகளில் மட்டும் ஒரே சீராக வெள்ளை பூத்திருக்கிறது என்றால், அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல. செங்கல் சுவரில் உப்புப் பூக்கிறதே, அதுபோல உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது. துடைத்த பிறகும் திரும்ப வந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கைப்பிடிகள் பார்க்கத்தான் கண்ணாடி. பிறப்பால் அவை பஞ்சு. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சையோ மரக்கூழையோ எடுத்து, அதிலுள்ள செல்லுலோஸோடு அமிலத்தைச் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக் அது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை மட்டும் சேர்த்தால் செல்லுலோஸ் அசிடேட். அதோடு பியூட்டிரிக் அமிலத்தையும் சேர்த்தால் செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட். திருப்புளிக் கைப்பிடிக்கு இரண்டும் அருமையான சரக்கு. சுத்தியலால் தட்டினாலும் சட்டென்று பிளக்காது, எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் அசையாது, மின்சாரத்தைக் கடத்தாது, கைக்கும் இதமாக இருக்கும். ஆகவே ஊர் உலகமெங்கும் நல்ல திருப்புளிகளுக்கு இதைத்தான் போட்டார்கள். உங்கள் அப்பா மலிவுச் சாமானை வாங்கி ஏமாறவில்லை, நல்லதைத்தான் வாங்கியிருக்கிறார்.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் கைப்பிடியை முகர்ந்து பாருங்கள். ஊறுகாய்ப் புளிப்பாக வினிகர் வாடை வந்தால் அது வெறும் அசிடேட். கைக்குழந்தை பால் கக்கிய துணியைத் துவைக்காமல் சுருட்டி வைத்தால் ஒரு வாடை வருமே, அது வந்தால் பியூட்டிரேட். எலி செத்த நாற்றம் என்று உங்கள் வீட்டில் நினைத்ததால் பின்னதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பியூட்டிரிக் என்ற பெயரே வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுப்புகளை ஆராய்ந்தபோது வெண்ணெயிலிருந்து இதைப் பிரித்தறிந்தார். வெண்ணெய்க் கொழுப்பில் 3 முதல் 4 சதவீதம் இந்த அமிலம் இருக்கிறது. புது வெண்ணெயில் அது கட்டுண்டு கிடப்பதால் மூக்குக்குத் தெரியாது. வெண்ணெய் நாள்பட்டால் கட்டு அவிழ்ந்து அமிலம் வெளியே வருகிறது. சிக்கு வாடை அடிக்கிறது.

உங்கள் திருப்புளியில் நடந்திருப்பதும் அச்சு அசலாக அதேதான். செல்லுலோஸும் அமிலமும் சேரும்போது நடுவிலிருந்து தண்ணீர் விலகுகிறது. அந்தத் தண்ணீர் காற்றின் ஈரமாகத் திரும்பி வந்து உள்ளே புகுந்தால் போட்ட முடிச்சு அவிழும். வெக்கை இருந்தால் இன்னும் வேகமாக அவிழும். இதில் மோசமான சங்கதி ஒன்று உண்டு: வெளியே வந்த அமிலம் சும்மா இருப்பதில்லை, அடுத்தடுத்த முடிச்சுகளையும் அவிழ்க்கத் துணை போகிறது. காற்றோட்டம் இருந்தால் கொஞ்சமாவது பறந்து போகும். மூடிய பெட்டியில் அது எங்கே போகும்? தூத்துக்குடிக் கடல் காற்றின் ஈரம், பரண் வெக்கை, இறுக்கமான மூடி, பன்னிரண்டு வருஷம். இதைவிடக் கெட்ட இடம் அந்தப் பிடிகளுக்குக் கிடைத்திருக்காது.

சினிமாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். பழைய பிலிம் சுருள்களும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். கோடாக் நிறுவனம் 1948இல் ட்ரை அசிடேட் பிலிமைக் கொண்டுவந்தது. பத்து வருஷத்துக்குள்ளேயே பிலிம் கெட்டுப் புளிப்பு வாடை அடிப்பதாக முதல் புகார் போனது இந்திய அரசிடமிருந்து. நம் வெக்கையும் ஈரமும் அதை முதலில் காட்டிக்கொடுத்துவிட்டன. இன்றைக்கும் பிலிம் காப்பகங்கள் குளிரிலும் வறண்ட காற்றிலும் சுருள்களை வைத்துக் காப்பது இதற்காகத்தான்.

அந்த வெள்ளை மாவு என்ன? பிளாஸ்டிக் விறைத்து நொறுங்காமல் இருப்பதற்காக இளக்கும் சரக்கு ஒன்றைக் கலப்பார்கள். அசிடேட்டில் எடையில் கால்வாசி வரைகூட அது இருக்கும். பிளாஸ்டிக் கெடக் கெட, அந்த இளக்கியைப் பிடித்து வைத்திருக்கும் சக்தி அதற்குக் குறைகிறது. மெல்ல மேலே கசிந்து சில சமயம் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும், சில சமயம் வெள்ளைப் படிகமாக உறையும். உள்ளே சரக்கு குறைந்த பிடி சுருங்கும், வெடிக்கும். கறுப்புப் பிடி வேறு பிளாஸ்டிக். அதற்கு இந்த வியாதி கிடையாது.

முகர்ந்ததால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தத் தூளும் அமிலமும் தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தரக்கூடியவை. கையுறை போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலோ திண்ணையிலோ வைத்துச் சுத்தம் செய்யுங்கள். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் பிடியின் வரிப்பள்ளங்களில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். மேலே நிற்கும் அமிலத்தை அது முறித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி உடனே ஈரம் போகத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். ஊறப்போடவே கூடாது, கெடுத்ததே தண்ணீர்தானே. கொதிநீரும் உச்சிவெயிலும் ஆகாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே போகாதீர்கள். நண்பர் ஒருவருக்கு நான் சொல்வதற்குள் அவர் ரிமூவரில் பஞ்சை நனைத்து ஒரு பிடியைத் துடைத்துவிட்டார். பஞ்சு அப்படியே பிடியில் ஒட்டிக்கொண்டது. அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பதும் வேண்டாம், அமிலத்தை உள்ளேயே பூட்டி வைப்பதாகும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாளடைவில் தானும் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். இரும்புத் தண்டுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

நாற்றம் அடியோடு போய்விடுமா என்றால், போகாது. அவிழ்ந்த முடிச்சைத் திரும்பப் போட வழியில்லை. ஆனால் மேற்கொண்டு அவிழும் வேகத்தைக் குறைக்கலாம், அது உங்கள் கையில்தான் இருக்கிறது. திரும்பவும் பெட்டிக்குள் போடாதீர்கள். பாலித்தீன் பையில் சுற்றவும் வேண்டாம். காற்றோட்டமான அறையில், வெயில் படாத சுவரில் ஒரு பலகை அடித்து வரிசையாக மாட்டுங்கள். மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும். வெள்ளை கொஞ்சம் பூக்கும், துடைத்தால் போய்விடும்.

பெட்டியில் கிடக்கும் மற்றச் சாமான்களையும் பாருங்கள். அமில ஆவி பித்தளை ஸ்க்ரூக்களைக் களிம்பேற்றும், குறடு, ரம்பங்களைத் துருப்பிடிக்க வைக்கும். அவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு, கண்ணாடிப் பிடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள். பிடியில் நகத்தால் வருடிப் பார்த்து வெடிப்பு தட்டுப்பட்டால், அந்தத் திருப்புளியை மின்சார வேலைக்குத் தொடவேண்டாம். சைக்கிளுக்கும் கதவுக் கீலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஒன்று, டெஸ்டர். அதைக் கழுவவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம். அதன் பிடிக்குள் சின்ன நியான் விளக்கும், ரெசிஸ்டரும், ஸ்பிரிங்கும் இருக்கின்றன. மின்சாரத்தை மிகச் சிறிதாக்கி உங்கள் விரலுக்கு விடுவது அந்த ரெசிஸ்டர்தான். பன்னிரண்டு வருஷ அமிலத்தில் ஸ்பிரிங் துருவேறித் தொடுப்பு விட்டிருந்தால், 230 வோல்ட் ஓடும் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியாது. எரியவில்லையே என்று நீங்கள் கம்பியைத் தொட்டுவிடக்கூடும். அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ள ஆசையென்றால் உள்ளிருப்பதைக் கழற்றிவிட்டு வெறும் பிடியை மட்டும் பலகையில் மாட்டுங்கள். வேலைக்கு இன்றைக்கே புது டெஸ்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.