பாட்டியின் கைநாட்டு போதாது

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்ததைப் போன்ற விபத்து ஒவ்வொன்றுக்கும் பிறகு, காரியம் முடிந்த கையோடு ஒரு பேச்சு எழும்: "பிள்ளைய யாரு வச்சுக்கிறது?" சித்தியோ மாமாவோ முன்வருவார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில் பாட்டி கைநாட்டு வைப்பார், ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சி. அந்தத் தாளை மஞ்சப்பையில் மடித்து வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அது தத்து ஆகாது.

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தாய் தகப்பனுக்குத்தான். இருவரும் இறந்துவிட்டால், பாதுகாவலர் நீதிமன்றத்தில் முன் அனுமதி வாங்கிய பிறகே கொடுக்கலாம். விருதுநகர் மாவட்டத்தாரான நமக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம். அனுமதி இல்லாமல் சார் பதிவாளர் ஆபீஸில் பதிந்தாலும் பயனில்லை.

உறவுக்காரர் ஒப்புக்கொண்டால் போதும் என்ற நினைப்புக்கு இந்த மண்ணில் வேர் உண்டு. 1985 வரை நாம் சேர்ந்திருந்த ராமநாதபுரத்தில், கணவர் இறந்தபின் ராணி உறவினர் சம்மதத்தோடு எடுத்த தத்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல் செல்லும் என்று தீர்ப்பானது. அந்தக் காலம் போய்விட்டது.

1956 சட்டத்தில் இன்னொரு முட்டுக்கட்டை: வீட்டில் மகன் இருந்தால் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருந்தால் பெண் பிள்ளையை எடுக்க முடியாது. அக்கா மகனை எடுக்க வரும் பல சித்திகள் இங்கேதான் நிற்கிறார்கள். பிள்ளைக்கு 15 வயதும் நிரம்பியிருக்கக் கூடாது, வேறு வழக்கம் இருந்தாலொழிய. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்ட வழியையே நான் சொல்வேன். எந்த மதத்தவரும் போகலாம், சொந்தப் பிள்ளைகள் இருப்பதும் தடையில்லை, 18 வயது வரை எடுக்கலாம். உறவினருக்குக் காத்திருப்போர் வரிசையும் கிடையாது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிந்ததும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விசாரிக்கும், குழந்தைகள் நலக் குழு அனுமதி தரும். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணை தருவது கலெக்டர். ஆனால் உறவு என்றால் பெற்றோரின் உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி மட்டும்தான். ஒன்றுவிட்ட சித்தப்பா கணக்கில் வரமாட்டார்.

அவருக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆணை உண்டு. இழப்பீட்டுப் பணத்தைப் பிள்ளைக்காகப் பார்த்துக்கொள்ள அது உதவும். பிள்ளையின் வீடு, நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். 18 வயதில் பொறுப்பு முடியும், வாரிசுரிமை வராது.

தகப்பன் மட்டும் போய், தாய் இருக்கிறாளா? சட்டப்படி அவள் தனியாகவே தத்துக் கொடுக்கலாம். தயவுசெய்து அவளை அவசரப்படுத்தாதீர்கள். 1956 சட்டப்படி செல்லுபடியான தத்தைத் திருப்ப முடியாது. வறுமைதான் காரணம் என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கேளுங்கள். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைக்கும் இது உண்டு.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள். இறப்புச் சான்றுகளும் பிள்ளையின் பிறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். உறவினர் தத்தில், ஐந்து வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதத்தையும் வாங்குவார்கள். அதை வீட்டிலேயே முதலில் கேட்டுவிடுங்கள்.