பள்ளிவாசல் படியில் நிற்கும் பிரயாணி



நம்மவரில் பலருடைய கடைகள் பள்ளிவாசலை ஒட்டியே அமைந்திருக்கின்றன. இது தற்செயலாக நேர்ந்ததன்று. கடல் கடந்து வந்த நம் முன்னோர் கடை போட்ட இடத்திலேயே நெற்றியை நிலத்தில் வைக்கவும் ஓர் இடம் தேடிக்கொண்டார்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியாக்கள் 1826-இல் ஜாமிஆ பள்ளியை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், ஸ்ரீ மாரியம்மன் கோயில் தோன்றியது. தெலோக் ஆயரில் 1830-க்குள் நாகூர் தர்கா எழும்பிற்று. அதே வீதியில் சில ஆண்டுகளில் சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயம் எழும்பிற்று. பினாங்கிலோ கப்பித்தான் கிளிங் பள்ளி, மாதா கோயில், சீனர் ஆலயம் ஆகியவை ஒரே சாலையில் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலும் அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

இப்படி அமைந்த இடங்களைப் பார்க்க உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். பள்ளியைப் பார்த்துவிட்டு நம் கடைக்கு வருவோரும் உண்டு; நம் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் பள்ளியை எட்டிப் பார்ப்போரும் உண்டு. ஆகவே, இமாமையும் மோதினாரையும் அவர்கள் காண்பதற்கு முன்னதாகவே, முஸ்லிம் என்று அவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம்மைத்தான். இந்தப் பொறுப்பை நாம் கேட்டு வாங்கவில்லை. என்றாலும் அது நம் தலைமீது இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை நாம் கண்ட காட்சியைச் சொல்லாமல் இப்பாடத்தைத் தொடங்க இயலாது. எந்தப் பள்ளி, எந்தக் கடை என்பது இங்கு வேண்டாம். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். ஐந்தடி நடைபாதையில்கூட ஆட்கள் பாய் விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் படியருகில் வந்து நின்றார்கள். இருவரும் அரைக்கால் சட்டை அணிந்திருந்தார்கள். அந்த அம்மாள் குனிந்து காலணியின் வாரைக் கழற்றத் தொடங்கினாள். எதிர்க் கடையிலிருந்து நம் சகோதரர் ஒருவர் பெருங்குரலில் அதட்டினார்; கையை ஓங்கி விரட்டவும் செய்தார். நாற்பது ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. அவள் கையில் ஒரு காகிதப் பை இருந்தது. அதற்குள் இருந்தது, தலையை மூடிக்கொள்வதற்கென்று நம் வரிசைக் கடையொன்றில் சற்று முன் வாங்கிய சால்வை. வாரை மீண்டும் கட்டிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

தொழுகை முடிந்தபின் அந்தச் சகோதரரைத் தனியே கண்டு, இது தகுமா என்று கேட்டோம். அவர், "பள்ளியோட கண்ணியத்தைவிட யாவாரம் பெரிசா நானா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். அவர் பொல்லாதவர் அல்லர். ஐவேளையும் முன் வரிசையில் நிற்பவர். வியாபாரத்தையும் நேர்மையாக நடத்துபவர். அவருடைய கேள்வியும் தள்ளிவிடத் தக்கதன்று. ஆகவே அன்று நாம் சொல்ல வேண்டியிருந்த பதிலை இன்று சற்று நிதானமாகச் சொல்லுகிறோம்.

பள்ளியின் கண்ணியத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட அறிந்தவர் எவருமிலர். மதீனாவில் அவர்களுடைய பள்ளியிலேயே, அவர்கள் தோழர்களுடன் இருக்கும்போதே, நாட்டுப்புறத்து அரபி ஒருவர் உள்ளே வந்து ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. ஓதிய பிள்ளைகள் யாவரும் அறிவர். தோழர்கள் பதறி எழுந்து அவரைத் தடுக்கப் பாய்ந்தார்கள். பெருமானார் (ஸல்) தோழர்களைத்தான் தடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை விட்டுவிடச் சொன்னார்கள். பின்னர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். அதன் பிறகே அந்த அரபியை அருகில் அழைத்து, பள்ளிகள் இவ்வித அசுத்தங்களுக்கு உரியவை அல்ல, இறைவனை நினைப்பதற்கும் தொழுவதற்கும் குர்ஆன் ஓதுவதற்கும் உரியவை என்று மென்மையாக விளக்கினார்கள். தோழர்களிடமோ, நீங்கள் காரியங்களை எளிதாக்கவே அனுப்பப்பட்டீர்கள், கடினமாக்க அல்ல என்னும் கருத்துப்பட எடுத்துரைத்தார்கள்.

இதில் வெறும் பொறுமை மட்டும் இருப்பதாக நாம் எண்ணிவிடலாகாது. நுட்பமான யோசனையும் இருக்கிறது. பாதியில் விரட்டியிருந்தால் அம்மனிதரின் உடலுக்குத் தீங்கு நேரலாம். அவர் எழுந்து ஓடும்போது அசுத்தம் ஓரிடத்தில் நில்லாமல் பல இடங்களில் சிந்தும் என்று இமாம்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தவறு ஒரு மூலையோடு நிற்க வேண்டுமானால் தடுப்பவன் ஓடக்கூடாது. அன்று நம் வாசலில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். படியருகே குனிந்து நின்ற ஒருத்தி, அதுவும் இன்னும் உள்ளே கால் வைக்காதவள், அவளை முன்னிட்டு ஐம்பது பேருடைய மனம் தொழுகைக்கு முன் கலைந்தது. கலைத்தவர் அவளா, நம் சகோதரரா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோழர்கள் கண்டது ஒரு செயலை மட்டுமே. அந்த மனிதர் வேண்டுமென்று செய்யவில்லை, அறியாமல் செய்தார் என்பதைப் பெருமானார் (ஸல்) கண்டார்கள். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்று மேடைதோறும் பேசுகிற நாம், அரைக்கால் சட்டையைக் கண்டோமே தவிர அந்தக் காகிதப் பையைக் காணவில்லை. 2014-இல் இலங்கையில் நடந்ததும் இதைப் போன்றதே. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஓர் ஆங்கிலப் பெண்ணை, புத்தரை அவமதித்தாள் என்று பிடித்து நாடு கடத்திவிட்டார்கள். அவளோ பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவள். பக்தியினால் குத்திக்கொண்டதாகச் சொன்னாள். 2017-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

"காஃபிரானவர் பள்ளிக்குள் வரலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நம்மவரில் ஷாஃபி மத்ஹபினரும் உண்டு, ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. முஸ்லிம்களின் அனுமதியோடு வரலாம் என்று ஷாஃபி சட்ட நூல்கள் சொல்லுகின்றன, ஹனஃபிகளிடமும் தடையில்லை. மக்காவின் ஹரம் பற்றிய சட்டம் தனி. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனாப் பள்ளிக்குள்ளேயே தங்கள் முறைப்படி வணங்க இடம் தரப்பட்டது என்று இப்னு இஸ்ஹாக் தம் சரித்திர நூலில் எழுதியிருக்கிறார். ஆகவே கேள்வி வரலாமா என்பதன்று. எப்படி வரவேண்டும், அதை அவருக்கு யார் சொல்லுவது என்பதே.

அதை நாம்தாம் சொல்ல வேண்டும். அவர் படி ஏறுவதற்கு முன்னமே சொல்ல வேண்டும். சாமானைக் கட்டிக் கொடுக்கும்போதே, "பள்ளியைப் பார்க்கப் போகிறீர்களா? இப்போது தொழுகை நேரம். அரை மணி கழித்துப் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம். முழங்கால் மூடியிருக்க வேண்டும், அங்கியை அங்கேயே கேளுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளியில் வருகையாளருக்கு அங்கி இரவல் தருகிறார்கள். உடையைச் சொல்லி எவரையும் அவமானப்படுத்த வேண்டிய அவசியமே அங்கு எழுவதில்லை. தொழுபவரின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிப் படம் பிடிப்பவரிடமும், அருகே சென்று மெல்லிய குரலில் சொன்னால் போதும். நாம் பார்த்தவரையில் பத்தில் ஒன்பது பேர் உடனே மன்னிப்புக் கேட்கிறார்கள்.

உணவுக் கடைக்காரர்களுக்கு வேறு தொல்லை. பிரயாணி ஒருவர் பக்கத்துத் தெருவில் வாங்கிய பொட்டலத்தையும், பீர் டின்னையும் நம் மேசைமீது வைத்துவிட்டு ஒரு முர்தபாவுக்கு ஆர்டர் கொடுப்பார். கடைப் பையன் பதறிப் போவான். முதலாளி கத்துவார். பொட்டலத்தில் பன்றி இறைச்சி இருக்கிறதென்றோ, இருந்தால் நமக்கு என்ன கேடென்றோ அம்மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பையனுக்கு முன்கூட்டியே இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தால், அவரும் பொட்டலத்தை வெளியே வைத்துவிட்டு வந்து உண்பார், பக்கத்து மேசைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை, கசந்தாலும் சொல்லவேண்டும். பள்ளியின் எதிரிலேயே பொம்மைகளுக்குக் கையில்லாச் சட்டையும் கடற்கரை உடையும் மாட்டிக் கடை முகப்பில் நிறுத்துகிறோம். பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு விற்கிறோம். அதே உடையோடு அவள் எதிர்ப்பக்கம் போனால் மார்க்கம் போய்விட்டது என்கிறோம்! விற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய காரியம். முகப்பில் அந்தப் பொம்மைக்குப் பதில் இரண்டு கைலியைத் தொங்கவிட்டால் அவையும் விற்கும் என்கிறோம்.

சகிப்பு என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பது என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். 2018 ஜூன் மாதத்தில் கோத்தா கினபாலு நகரப் பள்ளியின் சுற்றுச்சுவர்மீது அந்நிய நாட்டுப் பெண்கள் இருவர் ஏறி நடனமாடிய படம் எங்கும் பரவியது. பள்ளி நிர்வாகம் பிரயாணிகளின் வருகையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. பிறகு மீண்டும் அனுமதித்தது. காரியம் நீதிமன்றம் சென்று, அபராதத்தோடு முடிந்தது. நிர்வாகமும் சட்டமும் செய்யவேண்டியதைச் செய்தன. தெருவில் போகிறவன் கல்லெடுக்க வேண்டியதில்லை. அபராதம் கட்டவேண்டிய குற்றம் வேறு, காலணி வாரைக் கழற்றிய அம்மாளின் அறியாமை வேறு.

இனி, நாமே பிரயாணியாகப் போகும் இடத்துக்கு வருவோம். இக்காலத்தில் நம் குடும்பங்கள் பாலிக்கும் தாய்லாந்துக்கும் விடுமுறை சென்று வருகின்றன. போன இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம்?

பைத்துல் முகத்தஸ் நகரம் வசமானபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்கு சென்றார்கள். கிறிஸ்தவர்களின் தலைமைக் குரு சொஃப்ரோனியஸ் அவர்களை மாபெரும் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்று காட்டிக்கொண்டிருக்கையில் தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழுதுகொள்ளலாம் என்று குரு சொல்லியும் உமர் (ரலி) இணங்கவில்லை; வெளியே வந்து தொழுதார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லுவார்கள். உமர் தொழுத இடம் என்று பின்னால் வரும் முஸ்லிம்கள் அத்தேவாலயத்தைக் கைப்பற்றிக்கொள்ளக் கூடாதே என்பது அவர்களின் கவலை. அந்நகரை வென்றவரே அங்கே விருந்தாளியைப்போல் ஒதுங்கி நின்றார்! நம்மிலோ நான்கு நாள் சீட்டு வாங்கிச் சென்றவர், பிறர் கோயிலின் நடுவில் நின்று சிலையைச் சுட்டி உரக்கக் கேலி பேசுகிறார். உடன் வந்த பிள்ளைகள் சிரிக்கின்றன. தமிழ் அங்குள்ளவருக்கு விளங்காது என்று தைரியம். சிரிப்பு எல்லா மொழியிலும் விளங்கும் என்பதை மறந்துவிடுகிறார். அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்னும் கட்டளை அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனத்தில் இருக்கிறது. நீங்கள் ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று காரணமும் அங்கேயே கூறப்பட்டிருக்கிறது.

கினபாலு மலையில் 2015 மே 30-இல் மேல்நாட்டுப் பிரயாணிகள் சிலர் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கடசான் டூசுன் மக்களுக்கு அது தம் மூதாதையரின் ஆவிகள் உறையும் மலை. ஜூன் 5-இல் நிலநடுக்கம் வந்து, சிங்கப்பூரிலிருந்து சென்ற தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உட்பட 18 பேர் மாண்டார்கள். மலை கோபித்துக்கொண்டது என்று அங்குள்ளவர் பலர் நம்பினார்கள். பின்னர் பிரயாணிகள் நால்வருக்கு நீதிமன்றம் மூன்று நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. நிலநடுக்கம் எதனால் வந்தது என்பதில் நம் ஈமான் வேறு, அவர்கள் நம்பிக்கை வேறு. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அச்சமயம் நம் கடைகள் சிலவற்றில் அந்த நம்பிக்கையைச் சொல்லிச் சிரித்ததை நம் காதால் கேட்டோம். நம் பள்ளிச் சுவரில் ஒருத்தி ஆடினால் நெஞ்சு கொதிக்கிறதே, அந்த மலைக்காரனுக்கு மட்டும் கொதிக்கக்கூடாதா?

நாகூரை நினைத்துக்கொள்வோம். அங்குள்ள மனாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இன்றும் இந்துக்கள் பிள்ளைகளுக்கு முடியிறக்க அங்கே வருகிறார்கள். தலையை எப்படி மூடுவது, எங்கே நிற்பது என்று அவர்களுக்கு வாசலில் பூ விற்பவர்தாம் சொல்லிக் கொடுக்கிறார், எவரும் அதட்டுவதில்லை.

முன்சொன்ன சகோதரரிடம் இவற்றையெல்லாம் பிறகொருநாள் தேத்தண்ணிக் கடையில் அமர்ந்து பேசினோம். நாட்டுப்புறத்து அரபியின் ஹதீஸை அவர் நம்மினும் நன்றாகவே அறிந்திருந்தார். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொம்பளை இனி வரமாட்டா, நானா" என்றார். பள்ளி வாசலில் அங்கிகள் வைப்பதற்கும், நடைமுறைகளைப் பல மொழிகளில் எழுதிய பலகை ஒன்று மாட்டுவதற்கும் அடுத்த கூட்டத்தில் யோசனை வைக்க இருக்கிறோம். பலகையில் 'கூடாது' என்ற சொல்லை எத்தனை முறை எழுதுவது என்பதில் இப்போதே இரு கட்சி. துணிக்கடைச் சகோதரர்கள் தங்களால் எத்தனை கைலி தர இயலும் என்பதைச் செயலாளரிடம் முன்னதாகத் தெரிவித்தால் நலம்.