அந்தக் காலத்து 5,000 ரூபாய், இன்னைக்கு எவ்வளவு?

1998 செப்டம்பரில், நம்ம இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 2.99 லட்சம். "அவ்வளவு மலிவா!"ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. அது 1998-ன் ரூபாய். இன்றைய ரூபாயோடு நேரா ஒப்பிடுறது, அடியையும் மீட்டரையும் யூனிட் மாத்தாம கூட்டுற மாதிரி.

யூனிட் மாத்த உதவுவது, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். அரிசி, வாடகை, பஸ் கட்டணம் என ஒரு தொழிலாளர் குடும்பம் செய்யும் செலவுகளை வைத்து, மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. பஞ்சப்படி கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

1998-99 சராசரி: 414
2024 டிசம்பர்: 143.7

என்னடா, விலைவாசி குறைஞ்சிருச்சா? இல்லை, அடிப்படை ஆண்டு வேற. முதல் எண்ணுக்கு 1982 = 100. இரண்டாவதுக்கு 2016 = 100. நடுவில் 2001 = 100 என்றும் ஒரு தொடர் உண்டு. 2016-லிருந்து 2001 தொடருக்குப் போக 2.88-ஆல் பெருக்கணும், அங்கிருந்து 1982-க்கு 4.63-ஆல்.

143.7 × 2.88 × 4.63 = 1,916
1,916 ÷ 414 = 4.63

(விடையும் 4.63 வந்தது தற்செயல்தான்.)

ஆக, அன்றைய 2.99 லட்சம் 2024-ன் ரூபாயில் சுமார் 13.8 லட்சம். சான்ட்ரோ அன்று மலிவே இல்லை!

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். "1998-ல் நான் சேர்ந்தப்ப 5,000 சம்பளம். உனக்கு ஒரகடத்துல 20,000 தர்றாங்க, இன்னும் என்ன?"ன்னு ஒரு சீனியர் சொல்றார்னு வெச்சுக்குவோம். 5,000 × 4.63 = 23,150. நாலு மடங்கு சம்பளம், ஆனா வாங்கும் சக்தி அவரை விடக் குறைவு.

ஒரு எச்சரிக்கை: எந்தப் பொருளால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1998-ல் 10 கிராம் தங்கம் சுமார் 4,000 ரூபாய். 2024 டிசம்பரில் 75,000-க்கு மேல். அவர் சம்பளத்தில் 12 கிராம் வாங்கியிருக்கலாம். 20,000-ல் மூணு கிராம்கூட வராது. குடும்பச் செலவைப் பற்றிய கேள்வின்னா குறியீட்டு எண். நகை சேர்ப்பதைப் பற்றின்னா தங்கம். முதல்ல கேள்வியை முடிவு பண்ணுங்க, அப்புறம் கால்குலேட்டரை எடுங்க.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வந்ததும், இந்த ரெண்டு வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க மக்களே.