பயிர் வைக்கும் முன் வாளியை எடுங்கள்

ஹொசகோட்டே, மாலூர், தேவனஹள்ளி பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கிவிட்டு, சனிக்கிழமை தோறும் பெங்களூரிலிருந்து வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "ஐயா, என்ன பயிர் வைக்கலாம்?" என்றுதான். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள்.

1. இருபது லிட்டர் வாளியைப் போர்வெல் குழாயடியில் வையுங்கள். இருபது நொடியில் நிரம்பினால் மணிக்கு 3,600 லிட்டர். ஆறு மணி நேரம் மின்சாரம் வந்தால் 21,600. கோடையில் காய்த்து நிற்கும் தக்காளி ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டர் வரை குடிக்கும். ஆக, அந்த போர் ஒரு ஏக்கருக்குத்தான். இரண்டாவது ஏக்கர் மானாவாரி. இந்தச் சோதனையை ஏப்ரலில் செய்யுங்கள். அக்டோபரில் எல்லா போரும் பணக்கார போர்தான்.

2. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நானும் நம்பினேன். மூன்று போர் போட்டேன். கடைசியது 1,200 அடி. மூன்றிலும் புழுதிதான் பறந்தது. அடியில் இருப்பது கருங்கல். அதன் வெடிப்புகளில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முதல் போர் வற்றினால் இரண்டாவதற்குக் கடன் வாங்காதீர்கள், பயிரை மாற்றுங்கள்.

3. மழை இப்போது நாள் தவறுகிறது, அளவும் தவறுகிறது. 2022 செப்டம்பரில் பெங்களூரில் படகு விட்டார்கள். மறு வருஷம் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி என்று அறிவிப்பு. ஜூலையில் விதைக்க முடிந்தால் ஜி.பி.யு. 28 ராகி. ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டால், நூறு நாளுக்குள் முடியும் ஜி.பி.யு. 48. இரண்டுமே வேளாண் பல்கலைக்கழகம் தந்தவை.

4. நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். இங்கே கிருஷி ஹொண்டா என்பார்கள். ஏக்கரில் 25 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர். அதில் வழிந்தோடுவதைப் பிடித்து, பிளாஸ்டிக் தாள் விரித்துத் தேக்கினால், கதிர் வரும் நேரத்தில் மழை ஏமாற்றும்போது ராகிக்கு ஓர் உயிர்த்தண்ணீர் கிடைக்கும். வேலி கட்டாயம், குழந்தைகள் விழுந்துவிடும்.

5. கே.சி. வேலி என்ற பள்ளத்தாக்குத் திட்டத்தின் தண்ணீரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்டம் நாளுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகள். அந்த வருஷமே லட்சுமிசாகரா ஏரியில் நுரை பொங்கியது; பிறகு வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏரியோரத்து போர்களில் நீர் ஏறியதும் உண்மை, இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திவிட்டார்கள் என்பதும் உண்மை. அந்த ஏரி நிலத்தடியை நிரப்பத்தான்; மோட்டார் வைத்து நேரே வயலுக்கு இறைக்கக் கூடாது. ஏரிக்கரையில் உங்கள் போர் இருந்தால் வருஷம் ஒருமுறை நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, முள்ளங்கியை அங்கே நான் வைக்க மாட்டேன். மல்பெரிக்கும்கூட யோசிப்பேன், அதைத் தின்னும் பட்டுப்புழு நம்மைவிட நாசூக்கு.

6. சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். மானியத்தில் வந்த குழாய்கள் பாதி, அப்படிக் கழுவாமல் அடைத்துப்போய், வேலியில் துணி காயப்போடத்தான் பயன்படுகின்றன.

7. ஊர் ஏரிக்கு மழைநீர் வரும் ராஜகால்வாய் உங்கள் நிலத்து ஓரமாகப் போகலாம். விற்றவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். மே மாதம் கிராம வரைபடத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் கம்பிவேலி அதற்குள் நின்றால், முதல் மழைக்குள் பிடுங்கி நகர்த்துங்கள்.