பிள்ளைகளோடு நாடகம் போட ஊர் ஊராகப் போகிறீர்களா?

1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடித்தவர்கள் எல்லோரும் சிறுவர்கள். நடிகர் அவ்வை சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. எம்.ஜி.ஆரும் சின்ன வயதில் இப்படியொரு பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான். கொட்டகை போட்ட ஊரிலேயே சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாம். இன்று சாரல் காலத்தில் கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாடகம் போட வருகிறவர்களுக்கும், துணைக்கு வரும் அம்மாக்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

1. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. நனைந்த உடையைப் பிழிந்ததும் காய்ந்த துண்டின் மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு மண்டபத்துக் காற்றாடிக்கு நேரே கொடி கட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி போடுங்கள். லேசான ஈரம்கூட இருக்கும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினால், அடுத்த ஊரில் திறக்கும்போது மக்கிய வாடைதான் வரும்.

2. வெல்வெட், ஜிகினா உடைகளை அடிக்கடி துவைக்க முடியாது. உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டுவிடுங்கள். வியர்வை பனியனோடு போய்விடும், ஜிகினா குத்தி அரிக்காது.

3. பெட்டியின் நாலு மூலையிலும் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுங்கள். பூச்சி அண்டாது.

4. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி குரங்கு வேஷம் என்றால், திரை விலகப் போகும் நேரத்தில் "இது என்னோடது" என்று சண்டை வரும். ஆளுக்கொரு நூல் நிறம் கொடுங்கள். கழுத்துப்பட்டியின் உள்பக்கம், வால், முகமூடி நாடா எல்லாவற்றிலும் அதே நிற நூலில் நாலு தையல். படிக்கத் தெரியாத பிள்ளைகூடத் தன் சாமான்களைத் தானே எடுத்துக்கொள்ளும்.

5. அந்தக் காலத்துக் கம்பெனிகளில் பூசிய அரிதாரம் ஆர்சனிக் கலந்த தாது, நஞ்சு. பழைய பெட்டியில் கிடந்தால்கூடப் பிள்ளைகள் முகத்தில் வைக்காதீர்கள். புதிதாக வாங்கும் பூச்சையும் முதல் நாளே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சிவந்தால் வேண்டாம். தாடி மீசையைப் பசை போட்டு ஒட்டாமல் எலாஸ்டிக்கில் கோத்துக் காதில் மாட்டுங்கள். கலைக்கும்போது முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு பயத்தமாவு. சோப்பை மட்டும் போட்டுத் தேய்த்தால் கண்ணெல்லாம் எரியும்.

6. தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் போதும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களைத் தனியாகக் கவனியுங்கள். மகரக்கட்டு உடைகிற, அதாவது குரல் மாறுகிற வயது அது. பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், போட்டுப் பேர் வாங்கிய எத்தனையோ பையன்களுக்கு அந்த வயதோடு வேஷம் போயிற்று. நேற்றுவரை கைதட்டல் வாங்கியவன் ஒரு மூலையில் உட்கார வேண்டிவரும். குரல் பிசிறினால் சுதியை இறக்குங்கள், அல்லது பாட்டை எடுத்துவிட்டு வசனம் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் கத்திப் பாடச் சொல்லாதீர்கள். எல்லார் முன்னாலும் கேலி பேசவும் விடாதீர்கள்.

7. நாடகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தயிர்சாதம், இட்லி மாதிரி லேசான சாப்பாடு. செங்கோட்டைப் பக்கம் வந்துவிட்டு பார்டர் பரோட்டா வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? நாடகம் முடிந்த பிறகு வாங்கிக் கொடுங்கள். மறுநாள் காலையில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கிடைத்தால் இடுப்புக்கு நல்லது என்பார்கள், குதித்து ஆடும் பிள்ளைகளுக்குத் தெம்பு.

8. வேனில் வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்சீட்டில் உட்கார வையுங்கள். இஞ்சி மரப்பா ஒரு துண்டு கையில் இருக்கட்டும். ஓடும் வண்டியில் வசனத்தைப் படிக்கச் சொல்ல வேண்டாம். ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் காதாலேயே பிடித்துக்கொள்வார்கள்.

9. கடையநல்லூரில் மாலை நாடகம் என்றால் மஃரிப் தொழுகை நேரத்தைப் பக்கத்துப் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு, அது முடிந்தபின் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். நடுவில் பாங்கு கேட்டால் மைக்கை அணைத்துவிடுங்கள். பார்க்க வரும் குடும்பங்களும் நிம்மதியாக உட்காருவார்கள்.

10. சலங்கையைத் துடைத்துத் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் தோல் பூஞ்சை பிடிக்கும். ஆர்மோனியத்தின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்துங்கள்.

11. குற்றாலத்தில் குளிக்காமல் பிள்ளைகள் ஊர் திரும்ப மாட்டார்கள். நாடகம் உள்ள நாளில் வேண்டாம், மறுநாள் காலை போங்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனது. அபாயச் சங்கு ஊதினாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோ அந்த நிமிடமே கரையேறிவிட வேண்டும். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி.

12. வீட்டு ஞாபகம் பகலில் வராது. நாடகம் முடிந்து வேஷம் கலைத்து, விளக்கணைத்த பிறகுதான் வரும். பழைய கம்பெனிகளில் அழுதால் அதட்டல்தான். நீங்கள் அதட்டாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டோடு பேச ஐந்து நிமிடம் கொடுத்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் அம்மா குரல் கேட்டால் அழுகை கூடும். வீட்டிலிருந்து ஒரு போர்வையோ, அம்மாவின் பழைய புடவையோ கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கையை நனைக்கும் பிள்ளை இருந்தால் ரப்பர் ஷீட்டை யாருக்கும் தெரியாமல் விரித்து, விடியுமுன் நீங்களே எடுத்துவிடுங்கள்.

13. டிக்கெட் போட்டுக் காசு வாங்கி நடத்தும் நாடகத்தில் பிள்ளைகள் நடித்தால் சட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தப் பிள்ளை பேரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ரசீதின் நகலைப் பெற்றோர் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. அதை அவர்களையே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

14. பெட்டி மூடியின் உள்பக்கம் சாமான் பட்டியலை ஒட்டுங்கள். கிளம்பும்போது ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எடுத்து வைக்கட்டும். ஊக்கு, ஊசி நூல், மூக்குத் துடைக்கும் துணி, டார்ச் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.